பழைய இணைப்புகள் முறியாமல் வலைப்பதிவின் சுட்டி அமைப்பை மாற்றும் முறை

வலைப்பதிவு நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் சுட்டி அமைப்பை, அதாவது இடுகைகளின் முகவரி வடிவத்தை, மாற்றுவது எளிது. பிற தளங்களிலும் தேடுபொறிகளிலும் பரவிக் கிடக்கும் பழைய முகவரிகளை உயிரோடு வைத்திருப்பதே வேலை. எதையும் தொடுமுன் தரவுத்தளத்தைக் காப்புநகல் எடுத்து, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பான தளவரைபடத்தில் உள்ள முகவரிகள் அனைத்தையும் ஒரு விரிதாளில் சேமித்துக்கொள்ள வேண்டும். அவற்றை நகலெடுத்தே ஒட்ட வேண்டும், இடுகைத் தலைப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்யக் கூடாது. ஏனெனில் முகவரியில் வரும் ஒவ்வொரு தமிழ்க் குறியும், கால், கொம்பு, புள்ளி உட்பட, குறியேற்றத்தில் 9 வரியுருக்களாக (%, ஆங்கில எழுத்து, எண்) விரிகிறது. வேர்ட்பிரஸ் முகவரியில் வரும் இடுகைப்பெயருக்கு 200 வரியுருக்களையே ஒதுக்குவதால், ஏறத்தாழ 22 குறிகளுக்குப் பின் பெயர் துண்டிக்கப்பட்டுவிடுகிறது. நீண்ட தலைப்பை முழுதாக எழுதிவைத்தால் அது இடுகையின் உண்மையான முகவரியோடு பொருந்தாது.

"2014/07/12/மழைக்காலம்" என்பதை வெறும் "மழைக்காலம்" ஆக்குவதாகக் கொள்வோம். ஆண்டு, மாதம், நாள் ஆகிய மூன்று எண்களையும் அடுத்து ஒரு பெயர் வந்தால், எண்களை நீக்கிப் பெயருக்கு அனுப்புமாறு வழங்கியில் (server) ஒரே ஒரு விதி எழுதினால் போதும். பெயர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதியில் குறிப்பிடாவிட்டால், நாள்வாரித் தொகுப்புப் பக்கங்களும் அதில் சிக்கிக்கொள்ளும். பெயரை வைத்து ஊகித்து வேர்ட்பிரஸே சில பழைய முகவரிகளைத் திருப்பிவிடும் என்பது உண்மைதான். ஆயினும் ஊகத்தை நம்பித் தளத்தை நடத்துவது சரியன்று. பழைய முகவரியில் பெயரே இல்லாமல் எண் மட்டும் இருந்திருந்தால், பழையதற்கு நேராகப் புதியதை எழுதிய அட்டவணை தேவைப்படும்.

பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பும் நிரந்தர வழிமாற்றுக்கு உரிய குறியீடு 301. உலாவிகள் அதை நினைவில் வைத்துக்கொள்வதால், பிழையான விதியைத் திருத்திய பிறகும் பழைய பிழையே தெரியக்கூடும்; எனவே முதலில் தற்காலிகமான 302 கொண்டு சோதித்து, எல்லாம் சரியென்று கண்ட பின்னரே 301-க்கு மாற்றுவது நல்லது. முன்பே ஒருமுறை அமைப்பை மாற்றியிருந்தால், மிகப் பழைய முகவரியையும் இடைநிறுத்தம் இல்லாமல் நேரே புதியதற்கு அனுப்ப வேண்டும். நீக்கப்பட்ட இடுகைகளை முகப்புக்குத் திருப்பிவிடுவது பலரின் வழக்கம். கூகுள் அதைக் காணாமற்போன பக்கமாகவே கொள்ளக்கூடும், வாசகருக்கும் அதனால் பயனில்லை.

இடுகைகளுக்குள் இருக்கும் உள் இணைப்புகளைத் தரவுத்தளத்தில் மொத்தமாக மாற்றும்போது, ஓடையின் (feed) அடையாளப் புலத்தை (guid) தொடக் கூடாது. தொட்டால் ஓடைத் திரட்டிகள் பழைய இடுகைகளைப் புதியவையாகக் காட்டக்கூடும். பிறகு விரிதாளில் உள்ள முகவரிகளைத் திறந்து பார்த்து, புதிய தளவரைபடத்தைக் கூகுளின் தேடல் கன்சோலில் சேர்த்து, சில வாரங்களுக்குக் காணாமற்போன பக்கங்களைக் குறிக்கும் 404 பதிவேட்டைக் கவனித்து வர வேண்டும். வழிமாற்றுகளைக் குறைந்தது ஓராண்டு விட்டுவைக்குமாறு கூகுள் பரிந்துரைக்கிறது. பிற தளங்களின் இணைப்புகளை யாரும் திருத்தப்போவதில்லை என்பதால், அவ்விதியை நீக்காமலே விட்டுவிடலாம்.