பழைய படங்களைத் தேடிக் கிளம்பும் தம்பிகளுக்கு

அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களைப் பற்றி எழுத இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். நாங்கள் இடறி விழுந்த இடங்களிலேயே வரிசையாக விழுகிறார்கள். இணையத்தில் கண்டதை நம்பாதே, பெயரைச் சரிபார் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். மற்றவை மட்டும் இங்கே.

பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது

நடராஜ முதலியாரின் மௌனப் படமான 'கீசக வதம்' இன்று இல்லை. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. முப்பதுகளில் வந்த படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரதியே கிடையாது. கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகம்தான் மிச்சம்.

ஒரு தம்பி, பெரியவர் ஒருவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்த பாட்டுப் புத்தகங்களைச் செல்போனில் எடுத்து வந்தார். பாட்டுப் பக்கங்கள் பளிச்சென்று இருந்தன. "அட்டை எங்கே?" என்றேன். "வெறும் விளம்பரம்தானே சார், விட்டுட்டேன்." மறுபடி போனபோது பெரியவர் காலமாகியிருந்தார், பெட்டியில் இருந்ததெல்லாம் எடைக்குப் போய்விட்டது. நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

பாட்டு வரிகள் இசைத்தட்டிலாவது கிடைக்கும். அட்டைக்கு எங்கே போவது? 1934-ல் சீனிவாசா சினிடோன் வரும்வரை சென்னையில் பேசும்பட ஸ்டுடியோ கிடையாது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினார்கள். எங்கே எடுத்த படம் என்பதற்குச் சில சமயம் அட்டையில் உள்ள ஒரு வரியே சாட்சி. நடிகர் பட்டியல், அச்சகத்தின் பெயர், பாட்டுக்கு மேலே பொடி எழுத்தில் ராகமோ, கடன் வாங்கிய இந்துஸ்தானி மெட்டோ, எல்லாமே வரலாறுதான். பின்னட்டை விளம்பரமும் அப்படியே. அட்டை முதல் அட்டை வரை எடுங்கள், வெற்றுப் பக்கம் உட்பட. லாமினேட் பண்ணித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுங்கள்.

கதையை நாமே முடித்துவைப்பது

பாட்டுப் புத்தகத்தில் வரும் கதைச் சுருக்கம் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நின்றுவிடும். நீங்களும் அங்கேயே நில்லுங்கள்.

வேகம்

மௌனப் படத்தை நொடிக்கு 24 பிரேமில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 'அன்றைய நடிகர்கள் துள்ளித் துள்ளி நடந்தார்கள்' என்று எழுதுவது. அவற்றில் பல, கையால் சுற்றும் கேமராவில் 16 முதல் 20 பிரேம் வாக்கில் எடுத்தவை. ஆயிரம் அடிச் சுருள் 16-ல் ஏறக்குறைய 17 நிமிடம் ஓடும். 24-ல் 11 நிமிடம்தான். நீளத்தை அடிக்கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

'முதல்' சண்டை

'காளிதாஸ்' படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். அதுதான் முதல் தமிழ்ப் பேசும்படமா என்ற சண்டையை மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

இன்றைய எல்லைக்கோடு

1956-க்குப் பிந்தைய மாநில வரைபடத்தை வைத்துக்கொண்டு முப்பதுகளில் தேடக்கூடாது. மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் கடைசிக் காலத்தைக் கழித்த அகஸ்தீஸ்வரம் இன்று கன்னியாகுமரி மாவட்டம். மௌனப் படமான 'மார்த்தாண்ட வர்மா'வைத் தயாரித்த சுந்தர்ராஜ் நாகர்கோவில்காரர். பதிப்புரிமை வழக்கில் சிக்கியதால்தான் அதன் பிரதி பிழைத்துப் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் வரை போனது. அங்கே போனால் 'தமிழ்' என்ற பட்டியலோடு திரும்பிவிடாதீர்கள். தெலுங்கு, மலையாளப் பட்டியல்களையும் கேட்டு வாங்குங்கள்.