பெரிய குவில்ட்டை வீட்டு மெஷின்லயே மூணு பாகமா தைக்கிறது எப்படி?

ஒட்டுத்துணி எல்லாம் சேர்த்து மேல்துணி ரெடி பண்ற வரைக்கும் குவில்ட் (ஒட்டுத்துணி போர்வை) எவ்ளோ பெருசா இருந்தாலும் பிரச்சனை இல்லங்க. மேல்துணி, நடுவுல பேட்டிங் (பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கிற அடுக்கு), அடியில பேக்கிங் துணின்னு மூணு அடுக்கையும் சேர்த்து தைக்க உட்காரும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும். சாதாரண வீட்டு மெஷின்ல ஊசிக்கும் வலது பக்கத்து தூணுக்கும் நடுவுல 6லருந்து 9 இஞ்ச் இடம்தான் இருக்கும், 90 இஞ்ச் அகல குவில்ட்டோட நடுவுல ஒரு கோடு போடணும்னா 45 இஞ்ச் அகலத்தை பாய் மாதிரி சுருட்டி அந்த சந்துக்குள்ள திணிக்கணும். அதுக்கு மூணா பிரிச்சு தைச்சுட்டு அப்புறம் சேர்க்கிறது எவ்வளவோ மேல்.

முதல்ல, மேல்துணியை முழுசா சேர்த்துடாதீங்க. 30 இஞ்ச் அகலத்துல மூணு நீள பாகமாவே விட்டுருங்க. பேட்டிங்கும் பேக்கிங்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் நாலு பக்கமும் 2 இஞ்ச் கூடுதலா வெட்டிக்கங்க.

பேக்கிங் துணியோட உள்பக்கம் மேல பார்க்கிற மாதிரி தரையில விரிச்சு ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்க, சுருக்கம் இல்லாம இருந்தா போதும், இழுத்து ஒட்டினா டேப் எடுத்ததும் சுருங்கிக்கும். அது மேல பேட்டிங், அது மேல மேல்துணி. உள்ளங்கை வச்சா ஒரு ஊக்காவது தட்டுப்படணும், அந்த அளவுக்கு நெருக்கமா சேஃப்டி பின் குத்துங்க. இந்த இடத்துல சோம்பேறித்தனம் பட்டா அடிப்பக்கம் மடிப்பு மடிப்பா தைச்சுக்கும், அப்புறம் பிரிக்கத்தான் நேரம் சரியா இருக்கும்.

மெஷினுக்கு வாக்கிங் ஃபுட் (மேல் பக்கத்துலருந்தும் துணியை நகர்த்துற ஃபுட்) மாட்டுங்க, மேல் துணியும் அடித்துணியும் ஒரே வேகத்துல நகரும். 90/14 சைஸ் ஊசி, காட்டன் நூல், தையல் நீளம் 3 மி.மீ. வாக்குல. ஆரம்பத்துல டிசைன் எல்லாம் வேணாம், நீளவாக்குல நேர்கோடு போடுங்க. குறுக்கால போட்டா பாகங்களை சேர்க்கும்போது ஒவ்வொரு கோடும் பக்கத்து கோட்டோட பொருந்தணும், அந்த வம்பு நமக்கு எதுக்கு. நடுவுலருந்து ஆரம்பிச்சு ஓரத்துக்கு வாங்க, எல்லா கோடும் ஒரே முனையிலருந்து ஆரம்பிக்கட்டும். கோட்டுக்கு கோடு எவ்ளோ இடைவெளி விடலாம்னு பேட்டிங் பாக்கெட்லயே போட்டிருக்கும். துணி மேஜைல இருந்து கீழ தொங்கினா அந்த கனம் ஊசியை இழுக்கும், இடது பக்கம் ஒரு நாற்காலி போட்டு தாங்க வைங்க.

முக்கியமான விஷயம்: ரெண்டு பாகம் சேரப்போற ஓரத்துல கடைசி 2 இஞ்ச் தைக்காம விடணும். விடலன்னா சேர்க்கவே முடியாது.

இப்போ சேர்க்கிறது. ரெண்டு பாகத்துலயும் பேட்டிங், பேக்கிங்கை பின்னாடி மடிச்சு பின் பண்ணிடுங்க. மேல்துணி ரெண்டையும் நல்ல பக்கம் ஒண்ணையொண்ணு பார்க்கிற மாதிரி வச்சு, கால் இஞ்ச் உள்ள தள்ளி மெஷின்ல தைச்சு, அந்த தையலை ஒரு பக்கமா அயர்ன் பண்ணுங்க. அப்புறம் மொத்தத்தையும் கவிழ்த்து போட்டு ரெண்டு பேட்டிங்கையும் விரிச்சு, அடியில ஒரு அட்டை நுழைச்சுக்கிட்டு (இல்லன்னா மேல்துணியும் சேர்ந்து வெட்டுப்படும்) விளிம்பு ரெண்டும் முட்டுற அளவுக்கு வெட்டுங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா வரப்பு மாதிரி மேடு தெரியும், இடைவெளி விட்டா பள்ளம் விழும். முட்டின இடத்தை கையால பெருக்கல் குறி மாதிரி லூசா தைச்சா போதும். இழுத்து கட்டாதீங்க.

அடுத்து பேக்கிங். ஒரு பக்கத்து துணியை அப்படியே பரத்தி விட்டுட்டு, இன்னொண்ணோட ஓரத்தை அரை இஞ்ச் உள்ள மடிச்சு அயர்ன் பண்ணி அது மேல படிய வச்சு, பின் குத்தி, கையால ஹெம்மிங் பண்ணுங்க. முழு நீளத்துக்கும் கைத்தையல்தான், ஒரு படம் ஓடவிட்டு உட்கார்ந்தா முடிஞ்சிரும். ஊசி பேட்டிங் வரைக்கும் போகலாம், மேல்துணியில எட்டிப்பார்க்கக் கூடாது.

மூணாவது பாகத்தையும் இதே மாதிரி சேர்த்துக்கங்க. விட்டு வச்ச அந்த 2 பிளஸ் 2 இஞ்ச் இடத்துல இப்போ கோடு போட்டு முடிக்கணும். மூணு பாகமும் சேர்ந்த பிறகும் பயப்பட வேணாம், ஒரு பாகம் மட்டும் இருக்கிற பக்கத்தை சுருட்டி தூண் பக்கம் விடுங்க, ரெண்டு பாகம் இருக்கிற பக்கம் இடது கைப்பக்கம் வெளியில கிடக்கட்டும். அடுத்த இணைப்புக்கு குவில்ட்டையே திருப்பி போட்டா அங்கயும் அதே கணக்குதான், சந்துக்குள்ள 30 இஞ்ச்சுக்கு மேல போகவே போகாது.

கடைசியா நாலு பக்கமும் மிச்சம் நிக்கிற பேட்டிங், பேக்கிங்கை ஸ்கேல் வச்சு நேரா வெட்டிட்டு, இரண்டரை இஞ்ச் பட்டையை ரெண்டா மடிச்சு ஓரத்தை மூடுற மாதிரி பைண்டிங் அடிச்சுடுங்க.