புத் சர்க்யூட்டுக்குப் போகும் முன் அதன் கதையைத் தெரிந்துகொள்வது எப்படி?

டெல்லியில் வருஷக்கணக்கில் இருந்தும் கிரேட்டர் நொய்டாவில் ஃபார்முலா 1 (எஃப் 1) கார் ரேஸ் நடந்த புத் சர்க்யூட் பக்கமே போகாத தமிழர்கள் நிறையப் பேர். கண்டிப்பாகப் போங்கள், ஆனால் கதை தெரியாமல் போனால் அங்கே தார் ரோடும் காலி கேலரியும்தான் கண்ணில் படும்.

முதலில் டிராக்கின் வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 5.125 கிலோமீட்டர், 16 வளைவுகள், வடிவமைத்தவர் ஜெர்மனிக்காரர் ஹெர்மன் டில்கே. மூன்றாவது வளைவுக்கும் நான்காவதுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்ப்பாதை. அந்த வளைவுகளுக்குள் நுழையும் இடத்தை வேண்டுமென்றே அகலமாக்கியிருக்கிறார்கள், முன்னால் போகிறவர் உள்பக்கத்தை அடைத்தாலும் பின்னால் வருகிறவர் வேறு கோடு பிடித்து முந்தலாம் என்பதற்காக. இது பிடிபட்டால் ரேஸ் பாதி புரிந்த மாதிரி.

அப்புறம் 2011 அக்டோபர் 30 நடந்த முதல் ரேஸை, 60 சுற்றும், முழுசாகப் பாருங்கள். ஹைலைட்ஸ் போதாது, அதில் ஜெயித்த ரெட் புல் அணி வீரர் செபாஸ்டியன் வெட்டல்தான் வருவார். நாம் பார்க்க வேண்டியது பின்வரிசையை. கோவை நரேன் கார்த்திகேயன், ஹெச்ஆர்டி அணியின் வேகமே இல்லாத ஒரு காரை 17ஆவது இடத்தில் கொண்டுவந்து சேர்த்தார், அதுவும் அதே அணியில் ஓட்டிய டேனியல் ரிக்கார்டோவுக்கு முன்னால்! பின்னாளில் ரிக்கார்டோ எத்தனை ரேஸ் ஜெயித்தார் என்பதை நினைத்தால் அதன் அருமை தெரியும். சென்னை கருண் சந்தோக்குக்கு வெள்ளிக்கிழமை பயிற்சியில் மட்டும்தான் கார் கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

2012ஐ வேகமாக ஓட்டிவிடலாம். 2013இல் கடைசிச் சுற்றும் அதற்குப் பிறகு நடந்ததும் முக்கியம்: மூன்றாவது முறையும் வெட்டலே ஜெயித்து, நான்காவது உலகப் பட்டத்தையும் உறுதி செய்து, மெயின் கேலரி முன்னால் காரை வட்டமடித்துப் புகை கிளப்பி, இறங்கி காருக்கு முன்னால் மண்டியிட்டார். அதற்காக அணிக்கு 25,000 யூரோ அபராதம். நேரில் போகும்போது அந்த இடத்துக்கு எதிரே உட்காருங்கள்.

பிறகு ஏன் எஃப் 1 வரவில்லை? டிராக் சரியில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதை விளையாட்டாக இல்லாமல் கேளிக்கையாகக் கணக்கிட்டு உத்தரப் பிரதேச அரசு கேட்ட வரிதான் பெரிய இடைஞ்சல். எஃப் 1 நிறுவனத்தின் வருமான வரி வழக்கு தனியாக 2017இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023இல் மோட்டோஜிபி பைக் ரேஸ் அங்கே நடந்தது, பெட்செக்கி ஜெயித்தார்.

சரி, போகும் வழி. தினமும் திறந்திருக்கும் இடமில்லை, அதனால் ரேஸோ, சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டவிடும் டிராக் டேயோ இருக்கும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மயூர் விஹாரிலிருந்து ப்ளூ லைனில் நொய்டா செக்டார் 52, அங்கிருந்து நடந்து செக்டார் 51, அக்வா லைனில் பரி சௌக், பிறகு கேப். திரும்பி வருவதற்கான வண்டியையும் அப்போதே பேசிவிடுங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் காதடைப்பான் மறக்க வேண்டாம்.