காரைக்குடியிலிருந்து அந்தமான்: கடைசி நாளிலிருந்து திட்டம் போடுங்கள்

அந்தமானுக்குத் தேதி குறிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது திரும்பும் விமானத்தின் நேரம். ஸ்கூபா (காற்று உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவது) முடித்து 18 மணி நேரமாவது கழிந்த பிறகே விமானம் ஏற வேண்டும். தண்ணீருக்கடியில் மூச்சோடு உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் மேலே பறந்தால் காற்றழுத்தம் குறைந்து அது குமிழ் குமிழாகக் கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். அதனால் ஸ்கூபா முன்னால், போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுற்றிப் பார்ப்பது கடைசியில். காற்றடித்தால் தீவுக் கப்பல்கள் ரத்தாகும் என்பதாலும் கடைசி இரவு போர்ட் பிளேரில் இருப்பதே நல்லது. ஐந்து இரவு இருந்தால் முதலும் கடைசியும் அங்கே, நடுவில் மூன்று ஹேவ்லாக் தீவில்.

மாதம் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மே விடுமுறைதான் வசதி என்று பலர் கிளம்புகிறார்கள். அந்த மாதம் 20ஆம் தேதி வாக்கில் பருவமழை அங்கே இறங்கிவிடும், கடல் கலங்கி அடியில் ஒன்றும் தெரியாது. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் வங்கக் கடல் புயலுக்குப் பயப்பட வேண்டும்.

காலைப் பல்லவன் ரயிலில் ஏறினால் நண்பகல் வாக்கில் சென்னை. அன்றிரவு தங்கி மறுநாள் விமானம் பிடியுங்கள். பறக்கும் நேரம் இரண்டேகால் மணி. டிசம்பர், ஜனவரியில் அங்கே மாலை 5 மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையை மாலை ஆறு மணிக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள், மூன்றரைக்கே போய்விடுங்கள். ஓடை கடலில் சேரும் இடத்தில் இறங்கவே கூடாது, உவர்நீர் முதலை உண்டு.

ஹேவ்லாக் கப்பலுக்கு அசல் அடையாள அட்டை வேண்டும். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். குமட்டல் வந்தபின் போட்டால் கேட்காது. மூடிய ஏசி படகில் வயிறு புரட்டுபவர்களுக்கு, மேல்தளத்தில் காற்று வாங்கக்கூடிய அரசுக் கப்பல் மேல்.

ஸ்கூபாவில் நீச்சல் தெரியாதவர்களும் பயிற்றுநரோடு 12 மீட்டர் வரை இறங்கலாம். வயது 10 நிறைந்திருக்க வேண்டும். ஊருணியில் நீந்திப் பழகியவர்கள்தான் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். காதடைப்பை வலிக்கும்வரை விடாதீர்கள். இறங்கத் தொடங்கியதுமே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள், முதல் சில மீட்டரில் அடிக்கடி. வலித்தால் ஒரு மீட்டர் ஏறி மறுபடி ஊதிப் பாருங்கள், முக்கக் கூடாது. சளி இருந்தால் அன்று இறங்க வேண்டாம்.

கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் பொருந்துகிறதா என்று கரையிலேயே பாருங்கள்: வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால் கையை விட்டாலும் ஒட்டி நிற்க வேண்டும். மீசைக்காரர்களுக்கு மேலுதட்டில் தண்ணீர் கசியும். அங்கே கொஞ்சம் வாசலின் தடவினால் நிற்கும்.

ஐயாவையும் அப்பத்தாவையும் அழைத்துப் போனால் கண்ணாடி அடிப் படகு போதும், பவளம் நன்றாகவே தெரியும். ஆனால் உடைந்து கரை ஒதுங்கிய பவளத் துண்டைக்கூடப் பையில் வைக்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலையச் சோதனையில் சிக்கும்.