சிம்முக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவே: சரிபார்ப்பு முறையை எப்படி வடிவமைப்பது

செல்பேசி நெட்வொர்க்குக்குச் சரிபார்ப்பு முறை எழுத உட்காருபவர்கள் முதலில் "எந்த அல்காரிதம்?" என்றுதான் கேட்கிறார்கள். அதில் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள். ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை மேல் கட்டிய மிலனேஜ், கெச்சாக் என்ற ஹேஷ் முறை மேல் கட்டிய டுவாக், இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பலர் அலசிப் பார்த்தவை. 2ஜி காலத்துச் சரிபார்ப்பு அல்காரிதமான காம்ப்128-ஐ மூடி மறைத்து வைத்திருந்தார்கள். 1998-இல் அது வெளியானதும், சிம்மிடம் சவால்களாக, அதாவது பதில் கணக்கிட வேண்டிய எண்களாகக் கொடுத்து, வரும் பதில்களிலிருந்து சாவியையே கறந்துவிட முடிந்தது. சொந்தமாக ஒன்று எழுதுவோமே என்று துடிப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

சாவி 128 பிட். சிம்முக்குள் ஒன்று, ஆபரேட்டரின் சரிபார்ப்பு மையத்தில் ஒன்று. பேசிக்கொள்ளும்போது அது காற்றில் போகவே கூடாது. ரேண்டம் எண் போகட்டும், கணக்கிட்ட பதில் திரும்பி வரட்டும்.

2ஜி இத்தோடு நின்றுவிட்டது. டவர் தன்னை நிரூபிக்க வேண்டியதே இல்லை, அதனால்தான் போலி டவர் வைப்பது அவ்வளவு சுலபமானது. 3ஜி முதல், சவாலோடு ஒரு வரிசை எண்ணும் சாவியால் கணக்கிட்ட 64 பிட் சரிபார்ப்புக் குறியீடும் சேர்ந்து வருகின்றன. சிம் முதலில் குறியீட்டைப் பார்க்க வேண்டும், அப்புறம் வரிசை எண், கடைசியில்தான் பதில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தலைவலி வரிசை எண்ணில்தான். 48 பிட் எண், பழைய சவாலை மறுபடி ஓட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் நெட்வொர்க் சரிபார்ப்பு மையத்திடமிருந்து முன்கூட்டி வாங்கி வைத்த சவால்கள் முன்பின்னாக வந்து சேரும். "கடைசி எண்ணைவிடப் பெரியதா?" என்று மட்டும் கேட்டால் ஒழுங்கான சந்தாதாரரையே வெளியே தள்ளுவீர்கள். 32 இடங்கள் கொண்ட பட்டியலை சிம்மில் வைத்து, இடத்துக்கு ஒரு கடைசி எண் என்று கணக்கு வையுங்கள்.

அடுத்தது, பிழைச் செய்தி. குறியீடு தவறு என்பதும் வரிசை எண் பழையது என்பதும் வெவ்வேறு செய்திகளாகப் போனால், ஒருவருக்கு முன்பு வந்த சவாலை ஒரு தெருவில் மறுபடி ஒலிபரப்பினாலே போதும்: எல்லா போனும் முதல் பிழையைச் சொல்லும், அவருடையது மட்டும் இரண்டாவதைச் சொல்லும். ஆள் அங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிடும். 5ஜி-யும் இதை முழுக்கச் சரிசெய்யவில்லை என்பது எனக்கு எரிச்சல்தான். உங்கள் வடிவமைப்பில் இரண்டு பிழைகளும் ஒரே நீளத்தில், ஹோம் நெட்வொர்க்கின் (சந்தாதாரரின் சொந்த ஆபரேட்டரின்) பொதுச் சாவியால், அதாவது யாரும் பூட்டலாம், அவர்கள் மட்டுமே திறக்கலாம் என்ற சாவியால் பூட்டியே போகட்டும்.

அதே பொதுச் சாவியால்தான் 5ஜி சந்தாதாரர் எண்ணையும் மறைக்கிறது. ஆனால் அதிலேயே எதையும் மறைக்காத "நல்" (null, வெற்று) முறையும் இருக்கிறது. ஏட்டில் பாதுகாப்பு, காற்றில் பச்சையாக எண்! காற்றில் போகும் தரவுப் பாக்கெட்டைப் பிடித்து நீங்களே பாருங்கள். அப்புறம், போனை 2ஜி-க்கு இறக்கும் வழி திறந்திருக்கிறதா என்றும் சோதியுங்கள். திறந்திருந்தால் முதலில் அதை மூடுங்கள்.