அமெரிக்க தேசபக்தி அச்சுப் படங்கள்: எங்கே ஏமாறுகிறோம்?

படத்துக்குக் கீழே 1783 என்று போட்டிருந்தால் அது 1783-ஐக் காட்டுகிறது என்று நம்பிவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வரலாற்றுப் படங்களில் முதலில் தேட வேண்டியது, ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வெளியீட்டு ஆண்டை.

விடுதலைப் போர் முடிந்த 1783-ல் நியூயார்க் விடுதி ஒன்றில் ஜார்ஜ் வாஷிங்டன் தன் படை அதிகாரிகளிடம் விடைபெறும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். அச்சுப் பட வெளியீட்டாளர் நதேனியல் கரியர் 1848-ல் வெளியிட்ட கல்லச்சுப் படத்தில் (கல்லில் மெழுகுக் குச்சியால் வரைந்து அச்சிடுவது) வாஷிங்டன் கையில் மதுக் கிண்ணம். 'கரியர் அண்டு ஐவ்ஸ்' ஆகிவிட்ட அதே நிறுவனம் 1876-ல் மறுபடி வெளியிட்டபோது கிண்ணத்தைக் காணோம். கை நெஞ்சில் இருக்கிறது. மேசையில் மதுப் புட்டி இருந்த இடத்தில் தொப்பி! நடுவில் மதுவிலக்கு இயக்கம் வலுத்துவிட்டது. குடிக்கும் தேசத் தந்தையைக் கூடத்தில் மாட்ட யார் வாங்குவார்கள்? ஒரு பதிப்பை மட்டும் பார்த்தால் இதெல்லாம் பிடிபடாது.

அதற்காக, பிந்தி வந்த படமெல்லாம் பொய் என்று ஒதுக்குவதும் தவறுதான். பிரிட்டிஷ் படையினர் கூட்டத்தின் மீது சுட்ட 1770 பாஸ்டன் படுகொலையை அதே ஆண்டில் பாஸ்டன் வெள்ளிக் கொல்லர் பால் ரெவியர் உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு வெளியிட்டார். அன்று சுடப்பட்டு இறந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸை, ஆப்பிரிக்க வம்சாவளி மாலுமியை, அந்தப் படத்தில் தனித்து அடையாளம் காண முடியாது. பாஸ்டனில் அடிமை முறை எதிர்ப்பு சூடாக இருந்த 1856-ல் பஃபர்ட் அச்சகத்திலிருந்து வந்த கல்லச்சோ அவரை நட்டநடுவில் நிறுத்தியது. அந்த விஷயத்தில் 86 ஆண்டு தள்ளி வந்த படமே மேல்.

அப்புறம் இன்னொரு தவறு, பிழை கண்டுபிடித்ததோடு திருப்தியாகிவிடுவது. எமானுவேல் லாய்ட்ஸ 1851-ல் முடித்த 'டெலவேர் ஆற்றைக் கடக்கும் வாஷிங்டன்' ஓவியம் செதுக்கு அச்சாகவும் பரவியது. ஆற்றைக் கடந்தது 1776 டிசம்பரில். படகில் பறக்கும் நட்சத்திரக் கொடி அமெரிக்கக் கொடியாக ஏற்கப்பட்டதோ 1777 ஜூனில். சரி, பிழைதான். ஆனால் மன்னராட்சிகளை எதிர்த்த ஐரோப்பாவின் 1848 புரட்சிகள் தோற்ற கையோடு ஜெர்மனியில் உட்கார்ந்து இதை ஏன் வரைந்தார் என்பது கொடியைவிட சுவையான கேள்வி.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தாள் பழுப்பேறியிருந்தால் அசல் என்று பணத்தை நீட்டாதீர்கள். இந்தப் படங்கள் பின்னாளில் நாட்காட்டிகளில் ஏராளமாக மறுபதிப்பாயின. பூதக்கண்ணாடியில் சீரான புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்கால நகல். பழைய கல்லச்சில் மெழுகுக் குச்சியின் ஒழுங்கற்ற சொரசொரப்புத்தான் தெரியும்.