இறந்தவர் கண்ணில் பொட்டாசியம், குளுக்கோஸ்: அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிர் போனதுமே ரத்தத்தின் ரசாயனம் குலைந்துவிடும். அதனால்தான் போஸ்ட்மார்ட்டத்தில் கண்ணின் விட்ரியஸ் திரவத்தைத் தேடிப் போகிறோம். லென்ஸுக்குப் பின்னால் நிறைந்திருக்கும் இந்தக் கூழ் ஒரு கண்ணில் சுமார் 4 மில்லிதான். அழுகல் இங்கே தாமதமாகத்தான் வந்து சேரும். இறந்த பிறகு இதில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போவதால், அதை வைத்து இறந்து எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்கிடுகிறோம்.

பெரும்பாலான தவறுகள் சிரிஞ்சிலேயே ஆரம்பிக்கின்றன. கண்ணின் வெளிமூலையில் ஊசியைச் செலுத்தி, மெதுவாக, வருகிற திரவம் முழுவதையும் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் விழித்திரைச் செல்கள் பிய்ந்து கூடவே வந்துவிடும். அந்தச் செல்களுக்குள் பொட்டாசியம் ஏராளம். திரவம் கலங்கலாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதை வைத்து நேரம் கணக்கிடாதீர்கள்.

அப்புறம் குழாய். சர்க்கரைக்கான சாம்பல் மூடிக் குழாய்களில் சோடியம் ஃபுளோரைடும், பலவற்றில் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்கும். அதிலேயே சோடியம், பொட்டாசியம் பார்த்தால் குழாயில் இருந்த உப்பைத்தான் அளக்கிறீர்கள். அவற்றுக்குச் சாதாரணக் குழாய் வேண்டும். திரவம் பிசுபிசுப்பானது என்பதால் சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தெளிந்ததை மட்டும் கருவிக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் உறிஞ்சுகுழல் அடைத்துக்கொள்ளும்.

சரி, பொட்டாசியம் லிட்டருக்கு 10 மில்லிமோல் என்று வந்துவிட்டது. ஆய்வாளர் ஸ்டர்னரின் 1963 சூத்திரப்படி (7.14 × பொட்டாசியம் − 39.1) இறந்து 32 மணி நேரம். இன்னொரு ஆய்வாளர் மாடேயாவின் சூத்திரப்படி (5.26 × பொட்டாசியம் − 30.9) சுமார் 22 மணி நேரம். ஒரே சாம்பிள், பத்து மணி நேர வித்தியாசம்! வெயில் காலத்தில் பூட்டிய அறைக்குள் கிடந்த உடலில் பொட்டாசியம் இன்னும் வேகமாக ஏறும். ஒற்றை எண்ணை அறிக்கையில் எழுதிவிட்டு நீதிமன்றத்தில் விழிப்பதைவிட, ‘இத்தனை முதல் இத்தனை மணி நேரம் வரை’ என்று வீச்சாக எழுதுவதே மேல்.

குளுக்கோஸில் வேறு வில்லங்கம். இறந்த பிறகும் செல்கள் கொஞ்ச நேரம் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். ஆகவே அளவு குறைந்திருந்தால் ‘லோ சுகர்’ என்றோ, இன்சுலின் போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்றோ முடிவுகட்டக் கூடாது. குறையைச் சரிக்கட்ட, சர்க்கரை சிதையும்போது உண்டாகும் லாக்டேட்டையும் கூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. லாக்டேட் குளுக்கோஸிலிருந்து மட்டுமே வருவதில்லை என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குளுக்கோஸ் அளவு கூடியிருந்தால்தான் அதற்கு அர்த்தம். டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 180 மில்லிகிராமைத் தாண்டினால் கட்டுப்பாடற்ற நீரிழிவைச் சந்தேகித்து, உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோனையும் பாருங்கள்.

சோடியமும் குளோரைடும் தாழ்ந்து பொட்டாசியம் மட்டும் எகிறியிருந்தால் அது நோயல்ல, அழுகல்.